தங்காத கருவும் தாங்கும் தையலும்

நம் வீடுகளில் ஒரு சொல் புழக்கத்தில் உண்டு. ஒரு பெண்ணின் வயிற்றில் வளர்ந்த கரு எந்தக் காரணத்தால் கலைந்து போனாலும், "அவளுக்குத் தங்கவில்லை" என்று தணிந்த குரலில் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். இரண்டாம் மாதத்தில் உதிரப்போக்குடன் கலைந்த கருவுக்கும் அதே சொல்தான். ஐந்தாம் மாதத்தில், கையும் காலும் விரல்களும் உருவாகிவிட்ட நிலையில் வெளிவந்துவிட்ட குழந்தைக்கும் அதே சொல்தான். துயரத்தை மூடி வைப்பதற்கு அந்தச் சொல் ஏற்றதாக இருக்கலாம். ஆனால், அடுத்த முறை அந்தப் பெண் கருவுறும்போது அவளைக் காக்க வேண்டிய மருத்துவருக்கு அந்தச் சொல் எந்தத் தகவலையும் தருவதில்லை.

மகப்பேற்றுப் பிரிவில் பயிற்சி மருத்துவராகப் பணிபுரிந்த காலத்தில், தமிழில்தான் மனம்விட்டுப் பேச முடியும் என்ற நிலையில் இருந்த பெண்களிடம் முந்தைய கருத்தரிப்புகளைப் பற்றி விசாரித்துக் குறித்து வைக்கும் வேலை பெரும்பாலும் என்னிடமே வந்து சேரும். 'தங்கவில்லை' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை வெவ்வேறு நிகழ்வுகள் ஒளிந்திருக்கின்றன என்பதை அங்குதான் கண்டேன். அவற்றுள் ஒன்று, உரிய நேரத்தில் அறிந்துகொண்டால், அரை மணி நேரம்கூட எடுக்காத ஓர் அறுவை சிகிச்சையால் பலருக்குத் தடுக்கக்கூடியது. கருப்பை வாய்த் தளர்வு என்பது அதன் பெயர். அதைப் பற்றியும், அதற்குப் போடப்படும் தையலைப் பற்றியும், அந்தத் தையல் யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் எளிய முறையில் விளக்க விழைகிறேன்.

கருப்பை வாயின் இரு வேலைகள்

கருப்பையைத் தலைகீழாகத் தொங்கும் ஒரு பேரிக்காயைப் போல எண்ணிக்கொள்ளுங்கள். மேலே அகன்ற பகுதி குழந்தை வளரும் இடம். கீழே குறுகி, பிறப்புறுப்பின் உட்புறத்தில் வந்து முடியும் கழுத்துப் பகுதியே கருப்பை வாய். கருப்பையின் மேற்பகுதி பெரும்பாலும் தசையால் ஆனது. கருப்பை வாயோ பெரும்பாலும் கொலாஜன் எனப்படும் உறுதியான நார்ப்பொருளால் ஆனது. கருவுற்ற பெண்ணுக்கு ஐந்தாம் மாத அளவில் இதன் நீளம் பொதுவாக 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை இருக்கும். நம் சுண்டு விரலின் நீளம்கூடக் கிடையாது. இவ்வளவு சிறிய உறுப்புதான் குழந்தை, பனிக்குட நீர், நஞ்சுக்கொடி ஆகிய அனைத்தின் எடையையும் கீழிருந்து தாங்கி நிற்கிறது. இதன் நடுவில் உள்ள துவாரத்தை அடர்ந்த சளிப் படலம் அடைத்துக்கொண்டு, கீழிருந்து கிருமிகள் ஏறாமல் தடுக்கிறது.

ஆக, கருப்பை வாய்க்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள் உள்ளன. ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் இறுக மூடியிருக்க வேண்டும். பிறகு, பிரசவ நேரத்தில் சில மணி நேரத்திற்குள் 10 சென்டிமீட்டர் அளவுக்குத் திறந்து கொடுக்க வேண்டும். இயல்பான பிரசவத்தில் முதலில் இடுப்பு வலி தொடங்கும். கருப்பை சுருங்கிச் சுருங்கி விரியும். அதன் விளைவாக வாய் திறக்கும்.

தளர்வு உள்ள பெண்ணுக்கு இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்திற்குள், வலி எதுவும் இல்லாமலேயே, கருப்பை வாய் உட்புறமிருந்து புனல் போல விரிந்து, நீளம் குறைந்து, மெல்லத் திறந்துகொள்கிறது. பனிக்குடப்பை கீழே பிதுங்குகிறது. கிருமிகள் அதைத் தொடும் தூரத்திற்கு வந்துவிடுகின்றன. பனிக்குடம் உடைகிறது. அதன் பிறகே வலி தொடங்குகிறது. குழந்தை உயிரோடும் எந்தக் குறையும் இல்லாமலும் இருந்தபோதே வெளியேறிவிடுகிறது. 24 வாரங்களுக்கு முன் பிறக்கும் குழந்தையின் நுரையீரல் மூச்சு விடும் அளவுக்கு வளர்ந்திருப்பதில்லை என்பதால், பெரும்பாலும் அதைக் காப்பாற்ற இயலாமல் போகிறது. சுருங்கச் சொன்னால், வலி வந்து வாய் திறப்பது இயல்பு. வாய் திறந்த பிறகு வலி வருவது தளர்வு.

ஏன் ஏற்படுகிறது?

சிலருக்குக் காரணம் தெரியும். கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் கண்டு, அதன் ஒரு பகுதியைக் கூம்பு வடிவில் வெட்டி எடுத்திருக்கலாம். முந்தைய பிரசவத்தில் கருப்பை வாய் ஆழமாகக் கிழிந்திருக்கலாம். வாய் முழுதும் திறந்த பிறகு அவசரமாகச் சிசேரியன் செய்ய நேர்ந்திருக்கலாம். கருப்பையைச் சுத்தம் செய்வதற்காக வாயைக் கருவிகளால் விரித்திருக்கலாம். பிறவியிலேயே கருப்பையின் வடிவம் மாறுபட்டிருக்கலாம். அல்லது உடலின் நார்ப்பொருளே வலுவற்றதாக அமையும் மரபுவழி நோய் இருக்கலாம். ஆனால் பல பெண்களுக்கு இவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை.

காரணம் தெரியாத இடத்தில் நம் சமூகம் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிடும். தண்ணீர் வாளியைத் தூக்கினாள், மாடிப்படி ஏறினாள், அன்னாசி தின்றாள், கண் பட்டுவிட்டது என்பார்கள். இன்னும் சற்றுக் கடுமையாக, ராசியில்லாதவள் என்றும் சொல்லிவிடுவார்கள். கருப்பை வாய்த் தளர்வை இவற்றில் எதுவும் உண்டாக்குவதில்லை. கொலாஜன் நாரின் வலிமை அன்னாசிப் பழத்தைப் பொறுத்து மாறுவதன்று.

ஆங்கில மருத்துவமும் இதில் முழுக்கக் குற்றமற்றது என்று சொல்ல முடியாது. இந்நிலையை நெடுங்காலம் 'இன்காம்பிடன்ட் செர்விக்ஸ்' என்றே அழைத்தார்கள். 'திறமையற்ற கருப்பை வாய்' என்பது அதன் நேர்ப்பொருள். குழந்தையை இழந்து கிடக்கும் ஒரு தாயின் கோப்பில் அவளது உறுப்பைத் 'திறமையற்றது' என்று எழுதி வைப்பதில் உள்ள கொடுமையை உணர்ந்து, பிற்காலத்தில் 'இன்சஃபிஷியன்சி', அதாவது போதாமை என்ற சொல்லுக்கு மாறினர். தமிழில் எழுதும்போது 'தளர்வு' என்ற சொல்லையே நான் தேர்கிறேன். அது உறுப்பின் நிலையைச் சொல்கிறது. பெண்ணின் மீது பழி போடுவதில்லை.

பம்பாயில் பிறந்த தையல்

கருப்பை வாய் தளர்ந்திருப்பதால் கரு நழுவக்கூடும் என்ற எண்ணம் 1658இல் இங்கிலாந்தில் வெளிவந்த மருத்துவ நூல் ஒன்றிலேயே காணப்படுகிறது. ஆயினும், அதற்கு நம்பத்தக்க சிகிச்சை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் கிட்டியது. அதைத் தந்தவர் நம் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

விட்டல் நாகேஷ் ஷிரோத்கர் 1899ஆம் ஆண்டு கோவாவில் உள்ள சிரோடா என்ற ஊரில் பிறந்தவர். பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் மகப்பேற்றுத் துறைப் பேராசிரியராக விளங்கியவர். நடு மாதங்களில் மீண்டும் மீண்டும் குழந்தையை இழந்த பெண்களைத் தொடர்ந்து கவனித்து, குறை கருவில் இல்லை, கருப்பை வாயின் உட்புறத்தில்தான் உள்ளது என்ற முடிவுக்கு வந்தார். அந்தப் பெண்ணின் தொடையிலிருந்தே உறுதியான சவ்வை ஒரு நாடா போல வெட்டி எடுத்து, கருப்பை வாயைச் சுற்றி, அதன் மேல்தோலுக்கு அடியில் செலுத்தி, இறுக்கிக் கட்டினார். இம்முறையை விளக்கும் கட்டுரையை 1955இல் வெளியிட்டார். அக்கட்டுரை இலண்டனிலோ நியூயார்க்கிலோ வெளிவரவில்லை. சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'ஆன்டிசெப்டிக்' என்னும் மருத்துவ மாத இதழில் வெளிவந்தது. இன்று உலகெங்கும் 'ஷிரோத்கர் தையல்' என்று மகப்பேறு மருத்துவர்கள் சொல்லும் முறை முதலில் அச்சேறிய ஊர் நம் சென்னைதான். இந்திய அரசு அவருக்கு 1960இல் பத்மபூஷண் விருதும் 1971இல் பத்மவிபூஷண் விருதும் வழங்கிச் சிறப்பித்தது. 1971ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார்.

ஷிரோத்கரின் முறை நுணுக்கமானது. சிறுநீர்ப்பையைச் சற்று மேலே ஒதுக்கி, கருப்பை வாயின் உயரமான பகுதியில் நாடாவைப் பதிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1957இல், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரைச் சேர்ந்த இயன் மெக்டொனால்டு என்ற மருத்துவர் எளிமையான மாற்று ஒன்றை 70 பெண்களிடம் செய்து பார்த்து வெளியிட்டார். அதைப் புரிந்துகொள்ள நமக்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. பாட்டியின் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை நினைவில் கொண்டுவந்தால் போதும். பையின் வாயைச் சுற்றி நூல் உள்ளும் புறமுமாக ஓடும். முனையை இழுத்தால் வாய் சுருங்கி மூடிக்கொள்ளும். மெக்டொனால்டு தையலும் அதுவே. எதையும் வெட்டாமல், கருப்பை வாயைச் சுற்றி நான்கைந்து இடங்களில் ஊசியைச் செலுத்தி, நூலை இழுத்து முடிச்சிட்டுவிடுவார்கள். இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் போடப்படுவது இந்தச் சுருக்குத் தையல்தான்.

இவ்விரண்டும் பிறப்புறுப்பு வழியாகப் போடப்படுபவை. 1965இல் அமெரிக்க மருத்துவர்களான பென்சன், டர்ஃபி ஆகிய இருவரும் வயிற்றைத் திறந்து, கருப்பையும் அதன் வாயும் சேரும் இடத்திலேயே நாடாவைக் கட்டும் மூன்றாவது முறையை விளக்கினர். கீழிருந்து போட்ட தையல் பலன் தராதவர்களுக்கும், தையல் போடும் அளவுக்குக் கருப்பை வாயே எஞ்சியிராதவர்களுக்கும் இது பயன்படுகிறது. இன்று இதை நுண்துளை முறையிலும் செய்கிறார்கள். இத்தகைய தையல் போட்டவர்களுக்குக் குழந்தை சிசேரியன் மூலமே பிறக்க வேண்டும்.

எப்போது, எப்படி?

தையல் போடும் சூழ்நிலைகள் மூன்று.

முதலாவது, வரலாற்றை வைத்துப் போடுவது. முந்தைய இழப்புகள் தளர்வால் நேர்ந்தவை என்று தெரிந்தால், அடுத்த கருத்தரிப்பில் 12 முதல் 14 வாரங்களுக்குள் முன்கூட்டியே தையல் போடப்படும். அந்தக் காலம் வரை காத்திருப்பதற்குக் காரணம் உண்டு. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் குறைபாட்டால் கலைபவை; அவற்றைத் தையலால் நிறுத்த முடியாது. அந்தக் கட்டத்தைக் கரு தாண்டிவிட்டதையும், ஸ்கேனில் பெருங்குறைகள் இல்லை என்பதையும் உறுதி செய்த பிறகே தையல் போடுவார்கள்.

இரண்டாவது, ஸ்கேனை வைத்துப் போடுவது. முன்பு ஒரு முறை நடுமாத இழப்போ குறைப்பிரசவமோ ஏற்பட்ட பெண்ணுக்கு, 16 வாரம் முதல் 24 வாரம் வரை, உட்புற ஸ்கேன் மூலம் கருப்பை வாயின் நீளத்தை அவ்வப்போது அளந்து வருவார்கள். நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் தையல் போடுவது குறித்துப் பேசுவார்கள்.

மூன்றாவது, அவசரத் தையல். வாய் ஏற்கெனவே திறந்து, பனிக்குடப்பை கண்ணுக்குத் தெரியும் நிலையில் போடப்படுவது. இது கடைசி முயற்சி. ஆபத்தும் அதிகம். ஆயினும் வீண் முயற்சி அன்று. 2003இல் வெளியான, 23 பெண்கள் மட்டுமே பங்கேற்ற ஒரு சிறிய நெதர்லாந்து ஆய்வில், தையல் போட்டவர்களின் கரு சராசரியாக 54 நாள்கள் தாங்கியது; படுக்கை ஓய்வு மட்டும் பெற்றவர்களின் கரு 20 நாள்களே தாங்கியது. 22 வாரக் குழந்தைக்கு ஒவ்வொரு வாரமும் ஓர் உயிர்ப் பிச்சை என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த வேறுபாட்டின் மதிப்பு விளங்கும்.

அறுவை சிகிச்சை பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து நடைபெறும். தாய் விழித்திருப்பார். பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடுவர். ஓரிரு நாள் சிறு உதிரக்கசிவும் அடிவயிற்றில் இழுப்பும் இருக்கலாம். பனிக்குடம் உடைதல், கிருமித்தொற்று, உதிரப்போக்கு, கருப்பை வாய் கிழிதல் ஆகியவை ஏற்படக்கூடிய ஆபத்துகள். முன்கூட்டியே திட்டமிட்டுப் போடும் தையலில் இவை அரிது; அவசரத் தையலில் இவற்றின் வாய்ப்பு கூடுகிறது. ஏற்கெனவே பிரசவ வலி தொடங்கிவிட்டாலோ, பனிக்குடம் உடைந்துவிட்டாலோ, கருப்பையில் தொற்று இருந்தாலோ, உதிரப்போக்கு நிற்காவிட்டாலோ தையல் போடக்கூடாது.

36 வாரம் முடிந்து 37ஆம் வாரத்தில் தையலை அகற்றுவார்கள். சுருக்குத் தையலை மயக்க மருந்து இல்லாமலே பெரும்பாலும் எடுத்துவிடலாம். இதில் ஒன்றை மறக்கக் கூடாது. குறித்த நாளுக்கு முன்பே இடுப்பு வலி தொடங்கினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தையல் இருக்கும்போதே கருப்பை அழுத்தினால் வாய் கிழிந்துவிடும். தண்ணீர் கசிவு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், உதிரப்போக்கு ஆகியவற்றுக்கும் இதே அறிவுரைதான்.

தையல் போட்ட பெண்ணைப் பிரசவம் வரை கட்டிலோடு கட்டிப் போடும் வழக்கம் நம் குடும்பங்களில் வலுவாக உள்ளது. பாசத்தால் செய்வதுதான். ஆனால் முழுநேரப் படுக்கை ஓய்வு குறைப்பிரசவத்தைத் தடுப்பதாகச் சான்று இல்லை. மாறாக, நெடுநாள் அசையாமல் படுத்திருப்பது கால் நரம்புகளில் இரத்தம் உறைய வழிவகுக்கும். மருத்துவர் தனிப்பட்ட காரணம் கூறினாலன்றி, வழக்கமான இலேசான வேலைகளைச் செய்யலாம்.

எண்கள் சொல்லும் உண்மை

இவ்வளவு எளிய தையல் என்றால், கருவுற்ற எல்லாருக்கும் போட்டுவிடலாமே என்று கேட்கத் தோன்றும். ஷிரோத்கருக்குப் பிறகு பல ஆண்டுகள் ஏறக்குறைய அந்த மனநிலையில்தான் பல மருத்துவர்கள் இருந்தனர். அதைச் சோதித்துப் பார்த்தது, பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றமும் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வு. 1292 பெண்கள் பங்கேற்றனர். 33 வாரங்களுக்கு முன் பிரசவமானவர்கள், தையல் போட்டவர்களில் நூற்றுக்கு 13 பேர். போடாதவர்களில் நூற்றுக்கு 17 பேர். அதாவது, ஒரு குறைப்பிரசவத்தைத் தடுக்க 25 பேருக்குத் தையல் போட வேண்டியிருந்தது. ஆனால், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நடுமாத இழப்புகளோ குறைப்பிரசவங்களோ கண்ட பெண்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது, படம் தெளிவானது. தையல் போட்டவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கும், போடாதவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கும் முன்கூட்டியே பிரசவமாயிற்று. சரியான ஆளுக்குப் போட்ட தையல் ஆபத்தைப் பாதியாகக் குறைத்தது.

2009இல் அமெரிக்காவில் வெளியான இன்னோர் ஆய்வு, முன்பு குறைப்பிரசவம் ஆகி, இம்முறை கருப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்த 302 பெண்களை எடுத்துக்கொண்டது. பிழைக்க இயலாத வாரங்களிலேயே பிறந்துவிட்ட குழந்தைகள், தையல் போடாதவர்களிடம் நூற்றுக்கு 14; தையல் போட்டவர்களிடம் நூற்றுக்கு 6.

கீழிருந்து போட்ட தையல் முன்பு பலனளிக்காத பெண்களுக்கு அடுத்து என்ன செய்வது என்பதை 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஆராய்ந்தது. வயிற்று வழித் தையல் போட்டவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கே 32 வாரங்களுக்கு முன் பிரசவமாயிற்று. மீண்டும் கீழிருந்தே தாழ்வாகத் தையல் போட்டவர்களில் அது நூற்றுக்கு 33 ஆக இருந்தது. எந்த நூலால் தைப்பது என்ற விவாதமும் நெடுநாள் நடந்தது. 2049 பெண்களைக் கொண்டு நடந்து, 2022இல் வெளியான ஆய்வு, ஒற்றை இழை நூலுக்கும் பின்னல் நூலுக்கும் கரு இழப்பில் வேறுபாடு இல்லை என்று காட்டியது.

முன் இழப்பு எதுவும் இல்லாமல், ஸ்கேனில் மட்டும் கருப்பை வாய் குறுகியிருப்பதாகத் தெரிந்தால் தையலுக்குப் பதிலாகப் புரொஜெஸ்டரோன் மாத்திரையைப் பிறப்புறுப்பில் வைத்துக்கொள்ளும் முறை உண்டு. 2007இல் வெளியான ஆய்வில், நீளம் 15 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்த பெண்களிடம், 34 வாரத்துக்கு முந்தைய பிரசவம் நூற்றுக்கு 34 என்பதிலிருந்து 19 ஆக இம்மருந்தால் குறைந்தது.

இந்த எண்களை அடுக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. தையலின் வெற்றி ஊசியிலோ நூலிலோ மட்டும் இல்லை. யாருக்குப் போடுவது என்று தேர்ந்தெடுப்பதில்தான் உள்ளது. கருவுறாத நிலையில் தளர்வைக் கண்டுபிடிக்க நம்பத்தக்க சோதனை எதுவும் கிடையாது. அப்படியானால் மருத்துவர் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்? பெரும்பாலும், அந்தப் பெண் வாய் திறந்து சொல்லும் கதையை வைத்துத்தான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அந்தக் கதை எப்படித் தொலைந்து போகிறது என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் முறை கருவுற்று, 13ஆம் வாரத்தில் பரிசோதனைக்கு வந்திருந்தார் ஒருவர். கையில், அரசாங்க கிளினிக்கில் கொடுக்கும் இளஞ்சிவப்புப் புத்தகம். அதில் முந்தைய கருத்தரிப்புக்கு எதிரே 'கருச்சிதைவு' என்ற ஒரே ஒரு சொல்.

"முன்னாடி ஒன்னு கலைஞ்சிருக்காக்கா?"

"ஆமா டாக்டர். தங்கல."

"எத்தன மாசத்துல?"

"அஞ்சு முடியப் போச்சு."

"மொதல்ல வலி வந்துச்சா, தண்ணி போச்சா?"

"வலியே இல்ல டாக்டர். ரெண்டு நாளா அடியில ஏதோ அழுத்துற மாதிரி இருந்துச்சு. பாத்ரூம் போனேன், தண்ணி ஒடஞ்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே..."

அருகில் இருந்த மாமியார் இடைமறித்தார். "வாளியத் தூக்காதன்னு தலையால அடிச்சிக்கிட்டேன் டாக்டர். கேட்டாத்தானே." மருமகள் தலை கவிழ்ந்துகொண்டார். அந்த இரண்டு வாக்கியங்களை இரண்டு ஆண்டுகளாக அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்ட வீட்டாரும் வாளியோடு நிறுத்திக்கொண்டார்கள். நிபுணரிடம் விவரத்தைச் சொன்னேன். தொடர் ஸ்கேன் ஏற்பாடாயிற்று. 19ஆம் வாரத்தில் நீளம் குறையத் தொடங்கியது. தையல் போடப்பட்டது. 36 வாரம் முடிந்து அது அகற்றப்பட்டது. எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. தையல் போட்டும் குழந்தையை இழந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லச் சொற்களின்றி நின்ற இரவுகளும் உண்டு. ஆனால், கதை தெரியாமல் போனால் தையலுக்கான வாய்ப்பே கிடைத்திராது.

ஆகவே, இதைப் படிக்கும் தோழியரும், அவர்களின் கணவன்மாரும், அண்ணன் தம்பியரும் சில தகவல்களைத் தெளிவாகக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இழப்பு எத்தனையாவது வாரத்தில் நேர்ந்தது? முதலில் வந்தது வலியா, தண்ணீரா, இரத்தமா? மருத்துவமனையை அடைந்தபோது வாய் எவ்வளவு திறந்திருந்தது? காய்ச்சல் இருந்ததா? குழந்தை அப்போது உயிரோடு இருந்ததா? அதற்கு முன் கருப்பை வாயில் ஏதேனும் சிகிச்சையோ, கருப்பைச் சுத்திகரிப்போ நடந்ததா? மருத்துவமனையை விட்டு வரும்போதே இவற்றை எழுதித் தரும்படி கேளுங்கள். அடுத்த முறை கருவுற்றது உறுதியானவுடன், 12 வாரத்திற்குள் இவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆறாம் மாதத்தில் சொன்னால் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும்.

கடைசிக் கேள்வியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருமணத்திற்கு முன்போ பின்போ நடந்த கருக்கலைப்பைப் பற்றி மாமியார் முன்னிலையிலோ கணவர் முன்னிலையிலோ எந்தப் பெண்ணும் பேச மாட்டார். "மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று கேட்பது உங்கள் உரிமை. மருத்துவத் துறையில் இருக்கும் நம் தமிழ் நண்பர்களும், உடன் வந்தவர்களைச் சற்று வெளியே அமரச் சொல்லிவிட்டு இக்கேள்வியைக் கேட்பதை வழக்கமாகக் கொள்ள வேண்டும்.

நாம் பல்கலைக்கழகத்தில் தமிழை வளர்க்க ஒன்று கூடியவர்கள். மொழி வளர்ச்சி என்றவுடன் மேடையும் கவிதையும் சொற்போரும் நினைவுக்கு வருகின்றன. இழப்பு நேர்ந்த வீட்டில், ஓர் அக்காவிடமோ தங்கையிடமோ அமர்ந்து, பழி சொல்லாமல், "என்ன நடந்தது, வரிசையாகச் சொல்" என்று தமிழில் கேட்பதும் மொழிப் பணிதான். அந்தப் பதிலை அவர் மருத்துவரிடம் கொண்டு செல்ல உதவுவதும் அப்படியே. 'தங்கவில்லை' என்பது ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல் மட்டுமே. எந்த வாரத்தில், எந்த வரிசையில், ஏன் தங்கவில்லை என்னும் முன்பகுதியையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் நம்மிடையே வந்துவிட்டால், தாங்கும் தையல் உரியவரைச் சென்று சேரும்.